எண்ணெயும் காற்றும்

அந்தக் காலத்தில் கார்களுக்கு மண்டபத்தோடு பூமி முடிந்துவிடும். அதற்கு அப்பால் பாம்பன் கால்வாய், அதன்மேல் ரயில் போக மட்டும் ஒரு பாலம். மதுரையிலிருந்து வந்தாலும் சரி, செட்டிநாட்டிலிருந்து வந்தாலும் சரி, எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் காரை மண்டபத்தில் விட்டுவிட்டு, மூட்டை முடிச்சோடு ரயிலேறித்தான் ராமேசுவரம் போகவேண்டும். இன்றைக்குக் காரின் கண்ணாடியைக்கூட இறக்காமல் கடலைத் தாண்டிப் போகிறவர்களிடம் இதைச் சொன்னால் கதை விடுவதாக நினைக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, மண்டபம் என்று ஓர் ஊர் வழியில் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

ரயிலடிக்குத் தெற்கே, மணல்மேட்டை ஒட்டி, சதக் மரைக்காயரின் கார் கொட்டகை இருந்தது. பனைமரத் தூண், பனையோலைக் கூரை, மூன்று பக்கம் கீற்றுத் தட்டி. அமாவாசைக்கு முந்தின நாள் அங்கே போய் நின்றால் போதும், பெட்ரோல் வாசமும் கருவாட்டு வாசமும் கலந்து வரும். அப்படி ஒரு வாசம் இப்போது எந்த ஊரிலும் கிடையாது. கொட்டகைக்குப் பின்னால் தட்டி மறைப்போடு ஓர் அறை. அந்த அறையில்தான் ரம்ஜான் பீவியும் அவள் புருஷன் அலியாரும் குடியிருந்தார்கள். அலியார் அந்தக் கொட்டகைக்குக் காவல்.

காவல் வேலைக்குப் பிறந்த மனிதர் அல்ல அவர். கொழும்புக்கு ஓடு ஏற்றிப் போன தோணியில் தண்டலாக இருந்தவர். தண்டல் என்றால் தோணியில் அவர் சொல்தான் சொல், முதலாளியே ஏறி வந்தாலும் கடலில் தண்டலுக்கு அடங்கித்தான் உட்காரவேண்டும். ஒரு ஐப்பசியில் கொழும்பிலிருந்து திரும்பும்போது அந்தத் தோணி உடைந்தது. அலியார் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கரை வந்து சேர்ந்தார். கூடப் போயிருந்த ரம்ஜான் பீவியின் தம்பி காதர் மைதீன் வந்து சேரவில்லை. தாயில்லாமல் அவள் இடுப்பிலேயே வளர்ந்த தம்பி. அடக்கம் செய்ய மய்யத்தைக்கூடக் கடல் திருப்பித் தரவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் அவள் புருஷன் முன்னால் கையை நீட்டினாள். "இதுல அடிச்சுக் குடுங்க. இனிமே கடல்ல காலு வைக்கக்கூடாது." அலியார் வெகுநேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடித்துக் கொடுத்தார். அதற்கப்புறம் அவளே சதக் மரைக்காயரின் வீட்டுக்குப் போய், அவர் சம்சாரம் ஹமீதா பானுவிடம் அழுது, இந்த வேலையை வாங்கிவந்தாள். புருஷனைக் கரையில் கட்டிப்போட அவளுக்கு அகப்பட்ட கயிறு இந்தக் கொட்டகைதான்.

கட்டிப்போட்டாளே தவிர, அந்த மனிதர் பாதி ஆளாகத்தான் இருந்தார். காலையில் மணலைக் கூட்டுவார். கார் நிழலில் படுக்க வருகிற ஆடுகளை விரட்டுவார். டிரைவர்மார் தங்கள் வண்டியை விட்டு நகர மாட்டார்கள், வண்டிக்குள்ளேயே படுத்துக்கொண்டு, "பாய், ஒரு வாளி தண்ணி" என்று குரல் கொடுப்பார்கள். கொண்டுபோய் வைப்பார். மற்ற நேரமெல்லாம் தென்கடற்கரையில் இழுத்துப் போட்டிருக்கும் தோணிகளின் பாய்மரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஊளி மீன் குழம்பு வைத்தாலும் ஒன்றுதான், வெறும் கஞ்சி ஊற்றினாலும் ஒன்றுதான். நல்லா இருக்கா என்று கேட்டால், "ம்" என்பார்.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் காலையிலேயே கொட்டகை நிறைந்துவிட்டது. கடைசியாக ஒரு கறுப்புக் கார் வந்தது. பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாகநாதனும் அவர் சம்சாரம் சேதுலட்சுமியும் வந்திருந்தார்கள். நாகநாதனின் தகப்பனார் தவறிப்போய் வருகிற முதல் ஆடி அமாவாசை. கார் அந்தத் தகப்பனார் வாங்கியது. உள்ளே இடமில்லாததால் வெளியே பூவரச மரத்தடியில், திறந்த மணலில் நிறுத்தினார்கள்.

டிரைவர் தங்கசாமிக்கு அன்றைக்கு ஒரு ஆசை. அவன் அதுவரை பாம்பன் பாலத்தைக் கடந்ததில்லை.

"அய்யா, நானும் ஒரு எட்டு வந்து தீர்த்தமாடிட்டு வந்துர்றேன். எங்கய்யாவுக்கும் ஒருக்காக்கூட எள்ளுந் தண்ணியும் விட்டதில்ல" என்றான்.

"வண்டிய யாருடா பாக்குறது?" என்றார் நாகநாதன்.

"அதான் பாய் இருக்காருல்ல."

ரயில் ஊதியது. நாகநாதனும் சேதுலட்சுமியும் முன்னால் போக, தங்கசாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினான். ஓடுகிற ஓட்டத்தில் திரும்பி அலியாரிடம் சத்தம் போட்டுச் சொன்னான்:

"பாய், வண்டிய ஒங்ககிட்ட ஒப்படைச்சுட்டுப் போறேன். எண்ணெயும் காத்தும் பாத்து வைங்க. நாளைக்கு வந்ததும் கெளம்பணும்!"

வழக்கமாக ஆயில் என்று சொல்கிறவன்தான். பாய்க்கு ஆயில் என்றால் எங்கே புரியப் போகிறது என்று பெரிய மனசு பண்ணி எண்ணெய் என்று சொன்னான். இஞ்சினுக்குள் எண்ணெய் இருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. அதைத்தான் போகிற போக்கில் காவல்காரர் தலையில் கட்டிவிட்டுப் போனான். ஆனால் அந்த இரண்டு சொல்லுக்கும் கடற்கரையில் வேறு பொருள் இருக்கிறது என்பது பரமக்குடிக்காரனுக்கு எப்படித் தெரியும்?

அலியார் வேகமாக அறைக்குள் வந்தார். அவர் வேகமாக வந்து ரம்ஜான் பீவி பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"ஏ புள்ள, கேட்டியா? ஒப்படைச்சுட்டுப் போறேங்கிறான்."

"கேட்டுச்சு. கெணத்தடியிலதான நின்னேன்."

"இத்தன பேரு வாரானுக, போறானுக. ஒருத்தன் எங்கிட்ட வண்டிய ஒப்படைக்கிறேன்னு சொல்லியிருக்கானா? எண்ணெயும் காத்தும் பாக்கச் சொல்றான் புள்ள! கடலப் பாக்காத காட்டுக்காரனுக்கு எம்புட்டு வெவரம் பாரு. கச்சான் காத்து எறங்கப் போகுதுன்னு நான் நேத்தே சொன்னேனா இல்லையா?"

"சொன்னிய."

"உள்ள நிக்கிற வண்டிக்குப் பாதகமில்ல. இது வெட்டவெளியில நிக்குது. உப்புக்காத்து இரும்பத் தின்னுரும். அதான் எண்ணெ போடச் சொல்றான்."

ரம்ஜான் பீவிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "கார்மேல எண்ணெ பூசுவாகளா?"

"மரத்துக்கே பூசுறோம். சைக்கிளுக்குப் போடலியா? தையல் மிசினுக்குப் போடலியா? சுறா எண்ணெய வாங்கியாறேன், நீ அடுப்பப் பத்த வையி."

சைக்கிளையும் தையல் மிசினையும் சொன்ன பிறகு அவளுக்கும் சரி என்றுதான் பட்டது. அவளும் தோணிக்காரன் மகள்தான். கடலுக்கு இறக்குவதற்கு முன்னால் அவள் வாப்பா தோணிக்குச் சுறா எண்ணெய் பூசும்போது, இளஞ்சூடாகக் காய்ச்சிக் கொடுப்பது அவள் வேலையாக இருந்தது. சூடான எண்ணெய்தான் உள்ளே இறங்கும். கடற்கரையில் சுறா ஈரல் காய்ச்சுகிறவர்களிடமிருந்து அலியார் ஒரு டின் எண்ணெய் வாங்கிவந்தார். அவள் அதைச் சுடவைத்து, அவருடைய பழைய கைலி ஒன்றைக் கிழித்துச் சுருட்டிக் கொடுத்தாள்.

அலியார் சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினார். மூக்குப் பக்கம் ஆரம்பித்து, மேல்மூடி, கூரை, மக்காடு, கதவு என்று ஓர் இடம் விடாமல் அழுத்தித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அவர் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு முனகல் கிளம்பியது. அடுப்படியில் இருந்த ரம்ஜான் பீவி காதைக் கொடுத்துக் கேட்டாள். அம்பாப் பாட்டு. பாய்மரம் ஏற்றும்போது தோணிக்காரர்கள் சேர்ந்து பாடுகிறது. காதர் மைதீன் போனதற்குப் பிறகு அந்த மனிதர் வாயிலிருந்து பாட்டென்று ஒன்று வந்ததே இல்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்தச் சத்தத்துக்காக இன்னும் இரண்டு டின் எண்ணெய் வேண்டுமானாலும் அவள் காய்ச்சிக் கொடுத்திருப்பாள்.

எண்ணெய் பார்த்தாயிற்று, இனிக் காற்றைப் பார்க்க வேண்டும். அலியார் மணல்மேட்டில் ஏறி நின்று முகத்தைத் தூக்கிப் பார்த்தார். இறங்கிவந்து ரயிலடிப் போர்ட்டர்கள் நாலு பேரைக் கூப்பிட்டார்.

"ஏலே, ஒரு கை குடுங்கடா. இதத் திருப்பணும்."

"எதுக்கு பாய்? நல்லாத்தான நிக்குது?"

"என்னத்த நல்லா நிக்குது? வெலாவக் காட்டிக்கிட்டு நிக்குது. அணியம் காத்துக்கு நேரா நிக்கணும்டா, அப்பத்தான் காத்து ரெண்டா வகுந்துகிட்டுப் போகும்."

தோணியின் முன்மூக்குக்கு அணியம் என்று பெயர். காருக்கும் அன்றைக்கு அதுதான் பெயர். ஆளுக்கொரு பக்கம் தள்ளி, அந்தக் கறுப்பு வண்டியைத் தென்மேற்கே முகம் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்கள். அலியார் சுற்றிவந்து பார்த்தார். எண்ணெய் மினுங்கிக்கொண்டு அது நின்ற நிற்பு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அன்று ராத்திரி கஞ்சிக்கு மாசிக் கருவாட்டுச் சம்பல் வைத்திருந்தாள். "சம்பல் நல்லாருக்கு புள்ள, இன்னும் கொஞ்சம் வையி" என்றார்.

கச்சான் அவர் சொன்னபடியே இறங்கியது. ஆடிக் கச்சான் அந்தக் கரையில் எப்படி அடிக்கும் என்பதைச் சொல்லித் தெரியவைக்க முடியாது. மணலை அள்ளி அள்ளி வீசும். வாயை மூடிக்கொண்டு படுத்தாலும் காலையில் பல்லில் நறநறக்கும். தோணி தண்ணீரில் நிற்கிற சாமான், அங்கே மணல் பறக்காது. கார் நிற்பது மணலில். இந்த ஒரு கணக்கு மட்டும் அலியாருக்கு விட்டுப்போயிற்று.

விடிந்து வந்து பார்த்தால் கறுப்புக் காரைக் காணோம். எண்ணெயெல்லாம் மணலைப் பிடித்துக்கொண்டு, பெரிய எள்ளுருண்டை ஒன்று பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தது.

"யா அல்லா" என்றாள் ரம்ஜான் பீவி.

"ஒண்ணுமில்ல, தேச்சு விட்டாப் போயிரும்" என்று அலியார் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு ஓடினார். தோணியின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுகிற கை அது. மேல்மூடியில் இரண்டு இழுப்பு இழுத்தார். நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டது.

"கைய எடுங்க! கைய எடுங்கங்கிறேன்!"

கையை எடுத்தார். மணல் போன இடத்தில் கறுப்புச் சாயத்தின்மேல் வெள்ளைவெள்ளையாகக் கோடுகள். முன்கண்ணாடியைத் துடைத்தால், துடைத்த பிறகும் புகை படிந்த மாதிரியே இருந்தது. காற்றுக்கு நேரே முகத்தைக் காட்டி நின்றதில், பறந்து வந்த மணலெல்லாம் கண்ணாடியைத் தேய்த்துப் பார்த்திருக்கிறது. அலியார் நாரைக் கீழே போட்டுவிட்டுக் காரின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ரம்ஜான் பீவி அவருக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

பகல் ரயிலில் அவர்கள் வந்துவிட்டார்கள். முதலில் ஓடிவந்தவன் தங்கசாமி.

"அய்யய்யோ! வண்டிய என்னய்யா பண்ணி வச்சிருக்கீரு? அய்யா, இங்க வந்து பாருங்கய்யா இந்தக் கொடுமைய!"

நாகநாதன் மெல்ல நடந்து வந்தார். நெற்றியில் திருநீறு காய்ந்திருந்தது. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிய களைப்பு முகத்தில் தெரிந்தது. காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, மேல்மூடியில் இருந்த கோட்டின் மேல் விரலை வைத்து இழுத்தார். விரலை மோந்து பார்த்தார்.

"மீனா?"

"சுறா எண்ணெங்க" என்றார் அலியார்.

"எதுக்கு?"

"உப்புக்காத்துக்கு."

"எங்கய்யா வண்டிய்யா இது. சாகுற வரைக்கும் வேட்டி முந்தியால தொடச்சு வச்சிருந்த வண்டி. இன்னைக்குத்தான் அவருக்கு எள்ளுந் தண்ணியும் விட்டுட்டு வாரேன். வந்து பாத்தா இந்தக் கோலத்துல நிக்குது." அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் ரம்ஜான் பீவிக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "யாரு ஒம்மள இதையெல்லாம் பூசச் சொன்னது?"

அலியார் தங்கசாமியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மணலைப் பார்த்தார்.

"என் கையாலதான் பூசுனேன்."

தோணிக்கு ஆபத்து வந்தால் தண்டல் இன்னொருவன் பெயரைச் சொல்லமாட்டான். அந்த வீம்பு அவரைவிட்டுப் போகவில்லை.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, சதக் மரைக்காயர் குடையும் கையுமாக வந்துவிட்டார். காரைப் பார்த்ததும் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என் பேரக் கெடுத்துட்டியே அலியாரு! இனிமே எவன் வந்து என் கொட்டகையில வண்டிய விடுவான்? பொம்பளைக வந்து அழுதாகளேன்னு எரக்கப்பட்டேன் பாரு, என்னச் சொல்லணும். வேல பாத்தது போதும். சாயந்தரத்துக்குள்ள ரூமக் காலி பண்ணிரு."

"சரி மொதலாளி" என்றார் அலியார்.

தட்டிக்குப் பின்னால் நின்ற ரம்ஜான் பீவிக்கு அந்த 'சரி'தான் சுருக்கென்று தைத்தது. அதில் வருத்தமே இல்லை. சுமை இறக்கிவைத்தவன் மூச்சு விடுகிற மாதிரி வந்தது அது. சொல்லிவிட்டு அவர் தலையை நிமிர்த்தித் தென்கடற்கரைப் பக்கம் பார்த்தார். அங்கே அகமது கபீரின் தோணி புதுப் பலகை போட்டுக்கொண்டு கிடந்தது. கச்சான் ஓய்ந்ததும் அது கொழும்புக்குக் கிளம்பும். தண்டல் கிடைக்கவில்லை என்று கபீர் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தான். அலியார் கண் அந்தப் பாய்மரத்தில் போய் நின்றதை அவள் பார்த்துவிட்டாள். கொட்டகை போனால் கயிறு போயிற்று. இந்த மனிதர் போய்விடுவார். தம்பி போன வழியே போய்விடுவார்.

அந்நிய ஆண்கள் முன்னால் அவள் குரல் அதுவரை வெளியே கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டது.

"மொதலாளி, ஒரு பேச்சு."

எல்லாரும் தட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எண்ணெயும் காத்தும் பாத்து வைங்கன்னு சொன்னது யாருன்னு அந்த டிரைவர் தம்பிகிட்டக் கேளுங்க."

"நானா? நான் எப்பச் சொன்னேன்?" என்றான் தங்கசாமி.

"ரயிலு ஊதுறப்ப, துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடிக்கிட்டே சொன்னியளா இல்லையா? அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க. நான் கெணத்தடியில நின்னு கேட்டேன்."

தங்கசாமி தலையைச் சொறிந்தான். "அது... ஆமா, சொன்னேன். சொன்னேன்தான். நான் சொன்னது இஞ்சினுக்குள்ள இருக்கிற எண்ணெயத்தான்! டயருக்குள்ள இருக்கிற காத்த!"

"டயருக்குள்ள இருக்கிற காத்த எப்படிப் பாக்குறது?" என்று கேட்டாள் ரம்ஜான் பீவி. கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். "வெளிய அடிக்கிற காத்தத்தான பாக்க முடியும்? கச்சான் எறங்குது, பத்திரம்னு நீங்க சொன்னதா நெனச்சு, அணியத்தக் காத்துக்கு நேராத் திருப்பி வச்சாக. உப்புக்காத்துக்கு எண்ணெ போட்டாக. எண்ணெயக் காய்ச்சிக் குடுத்தது நானு. குத்தம்னா எனக்கும் பங்கு உண்டு."

கச்சான் பூவரச மரத்தைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது.

"ஏலே தங்கசாமி" என்றார் நாகநாதன். "எண்ணெயும் காத்தும் பாக்குறது யாரு வேல?"

"என் வேலதாங்கய்யா."

"அவர வையாதீங்க" என்றார் அலியார். "அவரு ஒரு சொல்லுச் சொன்னாரு. வெளங்கலன்னா நான்ல கேட்டிருக்கணும்?"

"நீரு சும்மா இரும்" என்று நாகநாதன் ஆரம்பித்தபோது, பின்னால் ஒரு சத்தம் கேட்டது. சேதுலட்சுமி சேலைத்தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள்.

"என்ன சிரிப்பு?" என்று நாகநாதன் அதட்டினார்.

"மாமாவ நெனச்சேன்" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டு. "வண்டி வாங்கியாந்த மறுநா, மாமா என்ன செஞ்சாக, மறந்துபோச்சா? வைக்கலக் கரிச்சு, வெளக்கெண்ணெய ஊத்திக் கொழச்சு, கட்டவண்டிக்குப் போடுற மாதிரி நாலு சக்கரத்துலயும் மைய அப்பி வச்சாகளா இல்லையா? 'எம்புட்டு வெல குடுத்து வாங்குனாலும் மை போடாத வண்டி ஓடுமாத்தா'ன்னு எங்கிட்டக் கேட்டாகளே! மதுரையில இருந்து வந்த மெக்கானிக்கு அதச் சொரண்டி எடுக்க முடியாம, தலையில கைய வச்சு உக்காந்துட்டானே!"

நாகநாதன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார். முடியவில்லை. "மாடு பூட்டாததுதான் கொறச்சல்" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் முட்டியது. துண்டால் துடைத்தார், திரும்பவும் வந்தது. காலையில் கடலில் நின்று தண்ணீர் விட்டபோதுகூட வராத அழுகை, மீனெண்ணெய் நாறுகிற காரின் பக்கத்தில் நின்றபோது வந்தது. சதக் மரைக்காயர் என்ன செய்வதென்று தெரியாமல் குடையை மடக்கினார்.

"மரைக்காயரே, ஆள வேலய விட்டு நிப்பாட்ட வேண்டாம்" என்றார் நாகநாதன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு. "எங்கய்யாவ நான் வீட்ட விட்டுத் தொரத்தவா செஞ்சேன்?"

"வண்டிக்குச் சொந்தக்காரரு நீங்களே சொன்ன பெறகு நான் என்ன சொல்ல?" என்று மரைக்காயர் கிளம்பினார். போகிறபோது அலியாரைப் பார்த்து, "இனிமே வெளங்கலன்னா என்னக் கேளு" என்றார். அவருக்கும் டயருக்குள் இருக்கிற காற்றை எப்படிப் பார்ப்பது என்று தெரியாது என்பது வேறு விஷயம்.

மணலை எடுப்பது எப்படி என்ற பேச்சு வந்தது. சேதுலட்சுமி தட்டிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"எண்ணெதானத்தா? நம்ம எண்ணெ தேச்சா எப்படிப் போக்குவோம்? வீட்டுல சீயக்கா இருக்கா?"

"இருக்கு. வடிச்ச கஞ்சியும் இருக்கு."

"அமாவாசையன்னைக்கு எண்ணெ முழுக்கா?" என்றார் நாகநாதன்.

"மனுசருக்குத்தான் ஆகாது. வண்டிக்கு ஆகாதுன்னு எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு?"

ரம்ஜான் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தண்ணீரை மேலேயிருந்து ஊற்றி மணலை முதலில் இறக்கினார்கள். பிறகு சீயக்காயைக் கஞ்சியில் கரைத்து, பிள்ளைக்குத் தலை தேய்ப்பது போல நோகாமல் தேய்த்தார்கள். ரயிலடியில் நின்றவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். தேய்த்துக்கொண்டே இரண்டு பேரும் பேசினார்கள். காதர் மைதீன் கதையை ரம்ஜான் பீவி சொன்னாள். கையில் அடித்து வாங்கிய சத்தியத்தையும் சொன்னாள். சேதுலட்சுமி கேட்டுக்கொண்டே வந்தவள், ஒரு கட்டத்தில் கையை நிறுத்தினாள்.

"நீ சொல்றது சரிதான் ஆத்தா. ஆனா இங்கன அவுக நிம்மதியா இருக்காகளா?"

ரம்ஜான் பீவி தண்ணீர் எடுக்கப் போகிறவள் மாதிரி வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

முன்பக்கம் தங்கசாமி மூடியைத் தூக்கிவைத்து அலியாருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். "இந்தா, இந்தக் கம்பிய உருவித் தொடச்சு, மறுபடி உள்ள விட்டு எடுத்துப் பாக்கணும். எது வரைக்கும் நனைஞ்சிருக்கோ அம்புட்டுத்தான் எண்ணெ."

"ஆழம் பாக்குற மாதிரியா?"

"அப்படித்தான்னு வச்சுக்கங்க. காத்துக்கு இந்தா, குதிகாலால டயர இப்படி ஒரு தட்டு. சத்தம் கிண்ணுன்னு வரணும்."

அலியார் குனிந்து தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "இருக்கு" என்றார்.

மணலும் எண்ணெயும் போயிற்று. நாற்றம் முழுக்கப் போகவில்லை, கோடும் போகவில்லை. கண்ணாடியை மதுரையில் மாற்றிக்கொள்ளலாம் என்றார் நாகநாதன். கோடுகளுக்குச் சாயம் அடிக்க வேண்டாமா என்று தங்கசாமி கேட்டதற்கு, "அது கெடந்துட்டுப் போகுது" என்றார். கார் மணலில் ஆடி ஆடிப் போய்த் தார்ச்சாலையில் ஏறியது.

அன்றைக்குச் சாயங்காலம் அலியார் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். ரம்ஜான் பீவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எதுக்குப் புள்ள பேசுன?" என்றார் அவர்.

"பேசலன்னா நீங்க போயிருப்பிய."

அவர் மறுக்கவில்லை.

"மொதலாளி போகச் சொன்னப்ப ஒங்க மொகத்தப் பாத்தேன். கல்யாணத்தன்னைக்குக்கூட நீங்க அப்படி இருக்கல." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நான் ஒங்களக் கட்டிப்போட்டுச் சோறு போடுறேன். அது எனக்கே தெரியுது."

அவர் கையை எடுத்து, தன் கையால் அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினாள். "இந்தா, அன்னைக்கு வாங்குனதத் திருப்பிக் குடுத்துட்டேன். கபீருகிட்டச் சொல்லி அனுப்புங்க. நான் அழ மாட்டேன்."

அலியார் முகத்தைத் தூக்கித் தென்மேற்கே பார்த்தார்.

"இப்பக் காத்து சரியில்ல. கச்சான் நிக்கட்டும்" என்றார்.

கச்சான் நின்றது. "வாடைக் காத்து எறங்கப் போகுது" என்றார். வாடை இறங்கியது, மழை பெய்தது. மழை பெய்யும்போதெல்லாம் வண்டி இன்னும் சுறா நாற்றம் அடிக்கிறது என்று பரமக்குடியிலிருந்து ஆள்மூலம் தங்கசாமி சொல்லி அனுப்பினான். வாடையும் நின்றது. இதற்கிடையில் எண்ணெயும் காற்றும் பார்க்கத் தெரிந்த காவல்காரர் மண்டபத்தில் இருக்கிறார் என்று பேராகி, டிரைவர்மார் தைரியமாக வண்டியை விட்டுவிட்டு ரயிலேறினார்கள். அலியார் ஒவ்வொரு டயராகத் தட்டிக் கேட்பார். கேட்டு முடித்ததும் மணல்மேட்டில் ஏறி, வெளியே அடிக்கிற காற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

மாசி மாதம் ஒரு காலையில் அகமது கபீரே நேரில் வந்தான். "தண்டல், இந்த நடைக்கு நீங்க வாரியளா? ஒங்க வார்த்தைக்குத்தான் நிக்கிறேன்."

அலியார் எழுந்து நின்றார். கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு கொட்டகைப் பக்கம், ஓலைத் தட்டியைப் பார்த்தார்.

"காத்து சரியில்லப்பா" என்றார்.

கபீர் வாயைப் பிளந்தான். தட்டிக்குப் பின்னால் நின்ற ரம்ஜான் பீவி தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தாள். ஓலை நுனி மெல்ல ஆடியது, பாய் விரிக்கத் தோதான காற்று. கடல், தட்டில் ஊற்றி வைத்த தண்ணீராகக் கிடந்தது. தோணிக்காரன் மகளுக்குக் காற்றுப் பார்க்கச் சொல்லியா கொடுக்கவேண்டும்?

"ஆமா தம்பி, சரியில்லதான்" என்று அவள் உள்ளேயிருந்தபடியே சொன்னாள்.